மிராமாரே பூங்கா: டிக்கெட் வாங்காத பாதியைப் பற்றி

இத்தாலியில் திரியெஸ்தே பக்கம் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் சொல்வது ஒன்றுதான். மிராமாரே அரண்மனைக்குள் போவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நேரம் போதாவிட்டால் அதை விட்டாலும் பரவாயில்லை. பூங்காவை மட்டும் விடாதீர்கள். அரண்மனைக்குத்தான் டிக்கெட். அதைச் சுற்றி 22 ஹெக்டேரில் கிடக்கும் மரமும் பாதையும் கடல்காற்றும் இலவசம். காலை 8 மணிக்குத் திறந்துவிடுவார்கள். மூடும் நேரம் மட்டும் பருவத்துக்கு ஏற்ப மாறும்.

வேலை நிமித்தம் இந்த ஊரில் சில வருஷங்களாக இருக்கிறோம். எல்லாப் பருவத்திலும் இங்கே நடந்திருக்கிறேன். ஏப்ரல் தொடங்கி மே பாதி வரைதான் என் கணக்கில் சரியான காலம். குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து போரா என்று ஒரு காற்று வீசும். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவது அதற்குச் சாதாரணம். கோடையில் கூட்டம். நடுவில் இந்த ஆறேழு வாரம் கிடைக்கிறது. அதிலும் போரா திடீரென்று திரும்பி வரும் நாட்கள் உண்டு, அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடுவது நல்லது. ஆனால் போரா அடித்து ஓய்ந்த மறுநாளைத் தவறவிடக் கூடாது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் பார்க்கோலா கடற்கரைச் சாலை வழியாக வந்து, வெள்ளை அரண்மனை முன்னால் படம் எடுத்து, வரிசையில் நின்று உள்ளே போய், வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். நான் 6-ஆம் எண் பேருந்தில் பூங்காவின் மறுபக்கம் உள்ள கிரிஞானோ வரை போய் அந்தப் பக்க வாசலில் நுழைவேன். முதலில் கொஞ்சம் ஏற்றம். மூச்சு வாங்கும்தான். ஆனால் மேலே ஏறிவிட்டால் தேவதாரும் ஓக் மரங்களும் அடர்ந்த பகுதி முழுக்க நமக்கே. வார நாள் காலையில் எதிரே வருபவர்களில் பாதிப் பேர் இயற்பியலாளர்களாக இருப்பார்கள். அப்துஸ் சலாம் 1964-இல் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம் பூங்காவை ஒட்டித்தான் இருக்கிறது. கிரிஞானோவில் உள்ள விடுதியிலிருந்து மையத்துக்குப் பூங்கா வழியாகவே நடந்து போவார்கள். எதிர்பாராத நேரத்தில் மரத்தடியில் தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இத்தனை மரம் இருக்கிறதே, இது பழைய காடு என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். 1856-இல் இங்கே வேலை தொடங்கியபோது இது கிட்டத்தட்ட மொட்டைச் சுண்ணாம்புப் பாறை. ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் தம்பி மாக்ஸிமிலியன், கடற்படைத் தளபதி, இந்த இடம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கினார். கட்டடக் கலைஞர் கார்ல் யுங்கர் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டார். செடி வேரூன்ற மண்ணே இல்லாததால் ஸ்டீரியா, கரிந்தியா பகுதிகளிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டினார்கள். லெபனான், இமயமலை, கலிபோர்னியா, மெக்சிகோ என்று எங்கெங்கோ இருந்து மரவகைகளை வரவழைத்தார்கள்.

1859-க்குப் பிறகு தோட்டத்தைக் கவனித்த அன்டன் யெலினெக், நோவாரா என்ற போர்க்கப்பலில் உலகைச் சுற்றி வந்தவர். அந்தக் கப்பல் 1857-இல் இதே திரியெஸ்தேயிலிருந்து கிளம்பி, 1858 தொடக்கத்தில் இலங்கையில் காலியையும் அடுத்து சென்னையையும் தொட்டுப் போனது. இதை அறிந்த நாளிலிருந்து அந்த மனிதர் வைத்த மரங்களைக் கொஞ்சம் சொந்தத்தோடுதான் பார்க்கிறேன். அதற்காக, சென்னையிலிருந்து எடுத்து வந்த செடி ஏதாவது இங்கே நிற்கிறது என்று சொல்ல வரவில்லை.

மாக்ஸிமிலியனுக்கு இந்த நிழல் கிடைக்கவில்லை. மெக்சிகோவின் பேரரசராகும் ஆசையில் 1864 ஏப்ரல் 14 அன்று, அதாவது இந்தப் பூங்கா பார்க்க அழகாக இருக்கும் அதே மாதத்தில், இதே கரையிலிருந்து நோவாராவில் ஏறினார். 1867 ஜூன் 19 அன்று மெக்சிகோவின் கெரெட்டாரோவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடலைத் திரும்பக் கொண்டுவந்ததும் நோவாராதான். அவர் விட்டுப் போனபோது இங்கே நின்றவை பெரும்பாலும் இளங்கன்றுகளாகத்தான் இருந்திருக்கும். மனைவி சார்லட், அதற்கு முன்பே கணவருக்கு உதவி கேட்டு ஐரோப்பா வந்த இடத்தில் மனம் குலைந்து, பூங்காவிலேயே உள்ள சின்ன மாளிகையில் 1867 வரை வைக்கப்பட்டிருந்தார். பிறகு பெல்ஜியம் அழைத்துப் போனார்கள். 1927 வரை உயிரோடு இருந்தார். அந்தச் சின்ன மாளிகை முன்னால் வசந்தத்தில் எவ்வளவு பூ இருந்தாலும் நான் அதிக நேரம் நிற்பதில்லை.

பூ வேண்டும் என்பவர்கள் கீழே தென்மேற்குப் பக்கம் இறங்க வேண்டும். காற்று படாத இடம் என்பதால் ஒழுங்காக வெட்டிய இத்தாலியப் பாணித் தோட்டத்தை அங்கே அமைத்திருக்கிறார்கள். ஏப்ரலில் கொடிப்பந்தலில் விஸ்டீரியா ஊதாச் சரமாகத் தொங்கும். வாசனைக்காகவே அங்கே போகலாம், ஆனால் வண்டுகளோடு இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும்.

குறைகளும் உண்டு. பாதைகள் பல இடங்களில் சரளைக்கல். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தால் கை விட்டுப் போகும். படிகள் நிறைய. மே மாதம் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவாக வந்து இறங்கினால் அமைதி அன்றைக்கு அவ்வளவுதான். சாப்பிட ஏதாவது கையில் கொண்டுவருவதே மேல். அப்புறம், அரண்மனையைச் சுற்றியுள்ள தெளிந்த நீரைப் பார்த்தால் இறங்கத் தோன்றும். அது 1986 முதல் கடல் காப்பகம், இறங்க விடமாட்டார்கள். குளிக்க பார்க்கோலாவுக்கோ கிரிஞானோவுக்கோதான் போக வேண்டும்.

அரண்மனை உள்ளே? ஒரு தடவை பார்க்கலாம். தரைத்தளத்தில் மாக்ஸிமிலியன் தன் அறையை நோவாரா கப்பலின் பின்பக்க அறை மாதிரியே தாழ்ந்த கூரையோடு அமைத்துக்கொண்டது எனக்குப் பிடித்தது. மேல்தளத்து அரியணைக் கூடமெல்லாம் ஐரோப்பாவில் வேறு எங்கும் பார்க்கக்கூடியதுதான்.

நடப்பதற்கு 5-க்கு 5 தருவேன், உட்காருவதற்கு 3. வயதானவர்களை அழைத்து வருவதாக இருந்தால் நான் சொன்ன கிரிஞானோ வழியை மறந்துவிடுங்கள். பார்க்கோலா பக்க வாசலில் நுழைந்தால் அதிக ஏற்றமில்லாத பாதை கடலை ஒட்டியே அரண்மனை வரை போகிறது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அப்படித்தான் கூட்டிப்போனேன்.