ஐபோனை விட்டு சம்சுங்குக்கு வந்தேன்: கல்லடியிலிருந்து இரண்டு வருட அனுபவம்

போன் மாற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால், கையில் என்ன வோட்ச் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். போனை ஒரு பின்னேரத்துக்குள் மாற்றிவிடலாம். வோட்ச் அப்படி விடாது.

என்னிடம் இருந்தவை ஐபோன் 11, முதல் தலைமுறை அப்பிள் வோட்ச் எஸ்ஈ. இரண்டும் வெளிநாட்டிலிருந்து அண்ணன் கொண்டுவந்து தந்தவை. 2024 தொடக்கத்தில் போன் மாற்ற வேண்டிய நிலை வந்தது. வீட்டில் மற்ற எல்லாரும் அன்ட்ரொயிட்தான் என்பதால் சம்சுங் எஸ்23 எடுத்தேன். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்ஈஐ இலக்கத்தை, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, பதிவு சரி என்று பதில் வந்த பிறகே காசைக் கொடுத்தேன். அப்பிள் வோட்ச் ஐபோனோடு மட்டும்தான் சேரும். ஆகவே கலக்ஸி வோட்ச் 6 க்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டியிருந்தது.

எனக்குப் பெரிய பயம் வட்ஸ்அப்பைப் பற்றித்தான். 2020 இல் ஊரடங்கில் நாங்கள் மட்டக்களப்பில், அம்மம்மா களுவாஞ்சிக்குடியில். போக வழியில்லை. "மனே, சோறு திண்டயா? மறுகா கதைப்பம்" (பிறகு கதைப்போம்) என்று தினமும் குரல் பதிவு அனுப்புவா. அடுத்த வருடம் அவ போய்விட்டா. அந்தக் குரல் வட்ஸ்அப்பைத் தவிர வேறெங்கும் இல்லை. அப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுட்டில் இருக்கும் வட்ஸ்அப் காப்புப் பிரதியை அன்ட்ரொயிட்டில் திறக்க முடியாது என்பது தெரிந்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வழி இருக்கிறது. ஒரு பக்கம் ஐபோனுக்கான லைட்னிங் முனை, மறுபக்கம் சம்சுங்குக்கான யூஎஸ்பி-சி முனை உள்ள கேபிளால் இரண்டு போனையும் இணைத்து, சம்சுங்கின் ஸ்மார்ட் சுவிட்ச் செயலி வழியாக மாற்ற வேண்டும். ஆனால் புதிய போனை முதன்முதல் திறந்து அமைக்கும் நேரத்திலேயே அதைச் செய்ய வேண்டும். நான் வாங்கிய கடையில் கண்ணாடி ஒட்டித் தரும்போதே போனை முழுதாக அமைத்துக் கையில் தந்துவிட்டார்கள். அதனால் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அழித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். திரையில் வந்த கியூஆர் குறியை ஐபோனின் கமெராவால் ஸ்கேன் செய்ததும் பழைய அரட்டைகள் நகரத் தொடங்கின. முடிந்ததும் முதலில் அம்மம்மாவின் குரலைப் போட்டுப் பார்த்தேன். அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தா.

படங்கள், தொடர்பு இலக்கங்கள் எல்லாம் அதே கேபிளில் சிக்கலில்லாமல் வந்தன. சிம்மைக் கழற்றுமுன் ஐபோனின் செய்திச் சேவையான ஐமெசேஜை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஐபோன் வைத்திருப்பவர்கள் அனுப்பும் செய்திகள் பழைய பக்கத்துக்கே போகலாம். அண்ணனோடு அப்பிளின் வீடியோ அழைப்பான பேஸ்டைமில் கதைப்பது நின்றுபோகும் என்று நினைத்தேன். 2021 இல் வந்த ஐஓஎஸ் 15 முதல், அவர் இணைப்பை அனுப்பினால் அன்ட்ரொயிட் உலாவியிலேயே சேர்ந்து கதைக்கலாம்.

வராமல் போனது நடைக் கணக்கு. 1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தில் விடிய ஐந்தரைக்கு ஏறி, கடற்கரை வரை போய்த் திரும்புவது என் வழக்கம். அந்த நடை, இதயத்துடிப்பு எல்லாம் அப்பிளின் ஹெல்த் செயலியில் வருடக்கணக்கில் சேர்ந்திருந்தன. வெளியே எடுத்தால் ஒரு ஸிப் கோப்பு கிடைக்கும், உள்ளே எக்ஸ்எம்எல் வடிவில் தரவு. சம்சுங் ஹெல்த் அதை நேரடியாக வாங்கிக்கொள்ளாது. கணினியில் வைத்திருக்கிறேன், அழிக்க மனம் வரவில்லை. புதிய வோட்ச்சில் என் நடை பூச்சியத்திலிருந்து தொடங்கியது. அது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பற்றரியில் நிம்மதி. பழைய வோட்ச்சுக்கு நிறுவனமே சொன்ன கணக்கு 18 மணித்தியாலம். இரவில் கழற்றிச் சார்ஜ் போடுவேன், அதனால் தூக்கத்தை அளந்ததே இல்லை. கலக்ஸி வோட்ச் 6 எனக்கு ஒன்றரை நாள் வரை நிற்கிறது, படுக்கும்போதும் கையிலேயே கிடக்கும். மாரிகாலத்தில் கரண்ட் போனால் எஸ்23 இன் முதுகில் வோட்ச்சை வைத்தே சார்ஜ் ஏற்றலாம். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே யூஎஸ்பி-சி வயர் என்பதும் நல்லதாகப் போயிற்று.

இன்னொரு மகிழ்ச்சி தமிழ். கூகுளின் குரல்வழித் தட்டச்சில் 2017 முதல் தமிழ் இருக்கிறது, மொழிப் பட்டியலில் "தமிழ் (இலங்கை)" என்று தனியாகவே தெரிவு செய்யலாம். கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்ட் ஐபோனிலும் உண்டு, நான்தான் அங்கே தேடிப் பார்க்கவில்லை. இப்போது அம்மாவுக்குப் பதில் எழுதுவதெல்லாம் வாயால்தான். "மறுகா" என்று சொன்னால் சில நேரம் "மறுகரை" என்று எழுதும், திருத்திவிடுவேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கயிற்றை அவிழ்த்து இன்னொரு கயிற்றில் கட்டிக்கொண்டேன். கலக்ஸி வோட்ச் 4 முதல் வந்தவை ஐபோனோடு சேராது. வேறு நிறுவனத்து அன்ட்ரொயிட் போனோடு சேரும், ஆனால் ஈசிஜி, இரத்த அழுத்தம் பார்க்கும் வசதிகளுக்குச் சம்சுங் போன்தான் வேண்டும். அவற்றுக்காகவே வோட்ச் வாங்குபவர்கள் அடுத்த போனையும் இன்றே தீர்மானித்துவிடுகிறார்கள்.

பழைய வோட்ச் கல்முனையில் இருக்கும் அக்காவுக்குப் போனது. அவவிடம் ஐபோன் இருக்கிறது. நான் செய்த பிழை, வோட்ச்சை இணைப்பிலிருந்து கழற்றாமலே ஐபோனை அழித்தது. அக்காவின் போனில் வோட்ச் என் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றது. ஐகிளவுட் தளத்துக்குள் போய் என் கணக்கிலிருந்து அதை நீக்கிய பிறகுதான் திறந்தது. முதலில் வோட்ச்சை இணைப்பிலிருந்து கழற்றுங்கள், பிறகு போனை அழியுங்கள்.

அந்த லைட்னிங் கேபிளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்த வருடத்தில் மட்டும் எங்கள் ஒழுங்கையில் மூன்று பேர் வாங்கிப் போனார்கள். கேபிளோடு நானும் போய், வட்ஸ்அப் முழுதாக வந்து சேரும் வரை பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் வருவேன்.