எந்த வாசிப்பு? ஸ்டூடியோ கிடாரா, ஜாஸ் மேடையா

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, நால்வர் கொண்ட ஜாஸ் குழுவில் நிரந்தர இடம். வாரத்தில் இரண்டு இரவு மேடை உறுதி. அந்தக் குழுவோடு ஏற்கெனவே எட்டு மாதம் அவ்வப்போது வாசித்திருந்தேன். மற்றொன்று, முதுகுவலியால் படுத்துவிட்ட ஒரு மூத்த செஷன் கிடாரிஸ்டுக்கு, அதாவது ஸ்டூடியோ ஒலிப்பதிவுகளில் கூலிக்கு வாசிப்பவருக்கு, பதிலாக மூன்று நாள் ஒலிப்பதிவு. தேதிகள் மோதின. ஸ்டூடியோவுக்குப் போனேன். அந்த மூன்று நாள் இன்னும் முடியவில்லை.

ஆகவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஸ்டூடியோ கட்சி. எட்டு மாத உறவை வைத்துக்கொண்டு எதிர்க்கட்சிக்காகவும் கொஞ்சம் வாதாடுவேன், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். செஷனுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிடுவார்கள். ஜாஸ் மேடையில் அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. செஷன்காரருக்குப் பெரும்பாலும் பகல் வேலை, ஜாஸ்காரருக்கு இரவு வேலை. ஜாஸில் பெயர் முன்னட்டையில் வரும். செஷனில் பின்னட்டையில் பொடி எழுத்தில், அதுவும் போட்டால் உண்டு. ஜாஸுக்கு முகப்பு வளைந்த நல்ல ஆர்ச்டாப் கிடார் ஒன்று போதும். செஷன்காரர் வீட்டில் நைலான் கம்பி, ஸ்டீல் கம்பி, பன்னிரண்டு கம்பி என்று கட்டிலுக்கு அடியில்கூடக் கிடார் இருக்கும். இவற்றை வைத்து முடிவெடுத்தவர்களை நான் நம்புவதில்லை. பணம் நிலையாக வருகிறதே என்று ஸ்டூடியோவுக்கு வந்து, ஒரே ஆண்டில் காணாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் இருவர் என்னைவிட நன்றாக வாசிப்பவர்கள்.

தமிழில் வாசிப்பது என்றால் எழுதியதைப் படிப்பதும்தான், கருவியை இசைப்பதும்தான். ஸ்டூடியோ அந்த இரண்டையும் ஒரே நொடியில் கேட்கிறது. காணாமல் போனவர்கள் இரண்டாவதில் கெட்டிக்காரர்கள், முதலாவதில் தடுமாறியவர்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு விஷயம் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுகிறது.

கிடார்காரனுக்கு நொட்டேஷன், அதாவது காகிதத்தில் புள்ளிகளாக எழுதிய சுரம், படிக்க வராது என்பது இசைக்குழுக்களில் பழைய கேலி. கேலியில் பாதி எங்கள் சோம்பலுக்குச் சேர வேண்டியது. மீதி கருவியின் அமைப்புக்கு. பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரே கட்டைதான். கிடாரிலோ, முதல் கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் அதே 'இ' சுரம் இரண்டாம் கம்பியில் 5ஆம் ஃபிரெட்டிலும் (ஃபிரெட் என்பது கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு), மூன்றாம் கம்பியில் 9ஆம் ஃபிரெட்டிலும், நான்காம் கம்பியில் 14ஆம் ஃபிரெட்டிலும், ஐந்தாம் கம்பியில் 19ஆம் ஃபிரெட்டிலும் கிடைக்கும். காகிதத்தில் எல்லாம் ஒரே புள்ளி. எங்கே பிடிப்பது என்று அந்தப் புள்ளி சொல்லாது. அடுத்து வரும் நான்கைந்து புள்ளிகளைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் கண் எப்போதும் விரலுக்கு ஒரு பார், அதாவது ஒரு தாளக் கட்டம், முன்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். போதாக்குறைக்கு, கிடாருக்கு எழுதப்படும் சுரம் உண்மையில் ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே இருக்கும். பியானோவில் உட்கார்ந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியை எழுதிய ஏற்பாட்டாளர் அதை மறந்துவிட்டால், எந்த ஸ்தாயியை மனதில் வைத்து எழுதினார் என்று ஊகிக்கும் வேலையும் நம் தலையில்தான்.

முதல் நாள் எனக்கு வந்த தாளில் ஐந்து ஃபிளாட்டுகள், அதாவது ஐந்து சுரங்களை அரைப்படி இறக்கி வாசிக்கச் சொல்லும் குறிகள். இருபது வயலின்கள் ஒரு பக்கம், நான் தடுப்புக்குப் பின்னால். 22ஆம் பார் வரை எப்படியோ வந்துவிட்டேன். 23ஆம் பாரில் பதினாறு சுரங்கள் நெருக்கமாக மேலேறுகின்றன. மூன்றாவது சுரத்திலேயே கை தவறான இடத்தில் இருப்பது தெரிந்துவிட்டது. நடத்துநர் குழுவை நிறுத்தி, "கிடார், 23ஆம் பார்" என்றார். குரலில் கோபம் இல்லை. இரண்டாவது டேக்கிலும் அதே இடத்தில் விழுந்தேன். இருபது வில்களும் ஒருசேர இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மூன்றாவது டேக்கில் ஒரு காரியம் செய்தேன்: 23ஆம் பார் வந்ததும் கிடாரின் ஒலிக் குமிழைச் சுண்டுவிரலால் பூஜ்யத்துக்குத் திருப்பி, விரல்களை மட்டும் ஓட்டி, 24இல் மறுபடி திறந்துகொண்டேன். டேக் ஓகே ஆகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் அந்த ஒரு பாரைத் தனியாகப் பதிவு செய்தோம், எல்லோரும் போன பிறகு.

நான் யாருக்காகப் போனேனோ அந்தப் பெரியவரை அடுத்த வாரம் பார்த்துச் சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தார். "தம்பி, கிடாருக்கு எழுதியதைப் படித்துப் பழகாதே. அதில் சுரமெல்லாம் கை தானாகப் போகிற இடத்தில் இருக்கும். வயலின் பாடத்தை எடு, கிளாரினெட் பாடத்தை எடு. ஒரு பக்கத்தை ஒரு தடவைக்கு மேல் படிக்காதே, இரண்டாவது தடவை படிப்பது கண் இல்லை, ஞாபகம்" என்றார். அன்றிலிருந்து தினமும் அரைமணி நேரம். தாளக் கருவியான மெட்ரோனோம் தட்டிக்கொண்டே இருக்கும். தவறினாலும் நிற்கக் கூடாது. சித்திரமும் கைப்பழக்கம் என்கிறோம், இது கண்பழக்கம். கையைப் போலக் கண்ணுக்கு விசுவாசம் கிடையாது. இரண்டு வாரம் விட்டால் கை மூன்று நாளில் திரும்பிவிடுகிறது, கண்ணுக்கு ஒரு மாதம் ஆகிறது. ஸ்டூடியோ வாழ்க்கையின் பராமரிப்புச் செலவு என்று எதையாவது சொல்வதென்றால் அது கிடார் கம்பி வாங்குவதில்லை, இந்த அரைமணி நேரம்தான்.

இதையே தீர்மானமான காரணமாகப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் உண்டு. படிக்கத் தெரிந்தவருக்குக் கதவு இரண்டு பக்கமும் திறக்கிறது. படிக்காதவருக்கு ஒரு பக்கம் பூட்டு.

ஜாஸ் கிடாரிஸ்ட் பார்னி கெஸலை எடுத்துக்கொள்ளுங்கள். 1947இல் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரோடு ஒலிப்பதிவு, 1952-53இல் பியானோ மேதை ஆஸ்கர் பீட்டர்சனின் மூவர் குழு. பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோக்களில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்தார். 1966இல் வந்த, பாப் குழுவான பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' தொகுப்பில்கூட அவருடைய கை இருக்கிறது. எழுபதுகளில் சக கிடாரிஸ்டுகள் ஹெர்ப் எல்லிஸோடும் சார்லி பேர்டோடும் சேர்ந்து மறுபடி ஜாஸ் மேடை. ஜோ பாஸ் அறுபதுகளில் அதே நகரத்தில் செஷன் வேலை பார்த்துவிட்டு, 1973இல் பதிவான 'வர்ச்சுவோசோ' தொகுப்பில் ஒற்றைக் கிடாரோடு உட்கார்ந்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். லண்டனில் செஷன்களாக வாசித்துச் சலித்த கிடாரிஸ்ட் ஜான் மெக்லாஃப்லின் 1969இன் தொடக்கத்தில் நியூயார்க் போய் இறங்கினார். சில வாரங்களுக்குள் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவு அறையில் இருந்தார். ஸ்டூடியோவுக்குப் போனால் ஜாஸ் செத்துவிடும் என்று சாபமிடுகிறவர்களிடம் இந்த மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

மறுபக்கத்துக்கு 1958ஆம் ஆண்டு ஒன்று போதும். அந்த ஒரே ஆண்டில் இரண்டு மகத்தான கிடாரிஸ்டுகள் நியூயார்க்கை விட்டுப் போனார்கள். ஒருவர் டால் ஃபார்லோ: நீண்ட விரல்கள், யாராலும் தொட முடியாத வேகம், நொட்டேஷன் மட்டும் படிக்க மாட்டார். நியூ ஜெர்சி கடற்கரையில் ஒரு சிற்றூரில் குடியேறி, இளமையில் கற்ற பெயர்ப்பலகை எழுதும் தொழிலுக்கே திரும்பினார். அது அவருக்குப் பிடித்த தொழில், சந்தடியும் அவருக்குப் பிடிக்காது. அதனால் படிக்கத் தெரியாமைதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டூடியோ என்ற வழி அவருக்கு இருக்கவில்லை. மற்றவர் ஜானி ஸ்மித்: என்பிசி வானொலியின் நிலையக் கலைஞராக இருந்து எந்தத் தாளை நீட்டினாலும் வாசித்தவர். மனைவி இறந்த பிறகு மகளை வளர்ப்பதற்காக கொலராடோ ஸ்பிரிங்ஸ் போய் இசைக்கருவிக் கடை வைத்தார். ஒருவருக்கு வழி இல்லை, மற்றவர் இருந்த வழியை விட்டுவிட்டுப் போனார். எனக்கு இந்த வித்தியாசம் பெரியது.

ஜாஸ் கிடாரிஸ்ட் வெஸ் மான்ட்கோமரியைச் சொல்லி என்னை மடக்குவார்கள். நொட்டேஷன் படிக்காதவர், கம்பியை மீட்டும் சில்லான பிக் இல்லாமல் கட்டைவிரலால் வாசித்தவர், அவருக்கு இணை யார் என்று கேட்பார்கள். யாரும் இல்லைதான். அவரே பகலில் தொழிற்சாலை வேலையும் இரவில் மேடையுமாக இண்டியானாபொலிஸில் ஆண்டுகளைக் கழித்தவர். ரிவர்சைட் இசைத்தட்டு நிறுவனம் அவரை எடுத்துக்கொண்ட 1959இல் அவருக்கு வயது 36. 45 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். வெஸ்ஸாக இருந்தால் படிக்கத் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, ஜாஸ் மேடை எதைத் தருகிறது? ஸ்டூடியோ தராத ஒன்றை: உங்கள் குரலை. நம் கச்சேரி மொழியில் சொன்னால் அது மனோதர்மம். அதே பாட்டை நேற்று வாசித்தபடி இன்று வாசித்தால் அங்கே அவமானம். ஸ்டூடியோவில் அதுதான் தகுதி. அந்த எட்டு மாதத்தில் ஒரே ஒரு இரவு, மெதுவான ஒரு பாடலில் நான் விட்ட இடைவெளியை டிரம்மர் பிரஷ்ஷால் தொட்டும் தொடாமலும் நிரப்பினார். நான் ஏன் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. பதினெட்டு ஆண்டு ஸ்டூடியோவில் அப்படி ஒன்று நடந்ததில்லை. நடக்கவும் முடியாது, பெரும்பாலும் டிரம்ஸை ஏற்கெனவே பதிவு செய்திருப்பார்கள்.

ஸ்டூடியோ குரலை எடுத்துக்கொள்கிறது என்பதும் உண்மைதான், திடீரென்று அல்ல. "இன்னார் மாதிரி வாசியுங்கள்" என்பார்கள், வாசிப்பீர்கள். ஐந்து ஆண்டு கழித்து ஒரு நண்பர் வீட்டில் ப்ளூஸ் வாசிக்கச் சொன்னபோது, முதல் சுற்று ஒருவரைப் போல, இரண்டாவது சுற்று இன்னொருவரைப் போல, ஒவ்வொன்றும் துல்லியமாக வந்தது. நண்பரின் மகள், பத்து வயதிருக்கும், "இப்போது நீங்கள் வாசியுங்கள் மாமா" என்றாள். அவள் வேறு எதையோ நினைத்துச் சொல்லியிருக்கலாம். அன்று கிடாரை உறையில் போட்டுவிட்டுக் காபி குடித்தேன்.

உரிமை விஷயத்திலும் ஜாஸ்காரர் பக்கம் ஒரு புள்ளி கூடுதல், அவர் சொந்தமாக இசையமைத்தால். செஷன்காரருக்குப் பொதுவாக வாசித்த நேரத்துக்குக் கூலி, பாட்டில் பங்கில்லை. அமெரிக்க இசைக்கலைஞர் சங்க ஒப்பந்தங்களில் மூன்று மணி நேரம் ஒரு செஷன். கூடுதலாக ஒரு கருவி எடுத்தால் கூடுதல் பணம். அமெரிக்கச் செஷன் கிடாரிஸ்ட் டாமி டெடெஸ்கோ மாண்டலினோ பாஞ்சோவோ எது கொடுத்தாலும் கம்பிகளைக் கிடார் போலச் சுருதி மாற்றிக்கொண்டு சமாளித்துவிடுவார் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ரசித்துச் சொல்லும் செய்தி. அந்தச் சாமர்த்தியத்துக்கும் அன்றைய கணக்கோடு சரி. ஜானி ஸ்மித் 1954இல் பதிவு செய்த சொந்த மெட்டு 'வாக், டோன்ட் ரன்'னை வென்ச்சர்ஸ் குழு 1960இல் எடுத்து வாசித்துப் பெரிய வெற்றியாக்கியது. இசையமைத்தவர் என்ற உரிமை கடைக்காரராகிவிட்ட ஸ்மித்திடமே இருந்தது. நான் பதினெட்டு ஆண்டில் சொந்தமாக ஒரு மெட்டு எழுதவில்லை. குற்றம் ஸ்டூடியோவுடையது என்று சொல்ல ஆசைதான்.

இப்போது தொடங்குகிறவர்களுக்கு என் கணக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. வீட்டிலேயே பதிவு செய்து கோப்பாக அனுப்பும் வேலை என்னிடம் பத்தில் மூன்றுதான். அதில் தாளை மேசையில் வைத்து நாற்பது முறைகூட முயன்று பார்க்கலாம், பார்த்தவுடன் வாசிக்க வேண்டிய கட்டாயமில்லை. அதுவே முழு வேலையாகிவிட்டவர்களுக்கு 23ஆம் பார் என்ற பயமே இருக்காது. அப்படியானால் என் வாதத்தின் பாதி போய்விடுகிறது. சுற்றுப்பயணம் போகும் ஜாஸ் குழுவின் வாழ்க்கையையும் நான் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

போன மாதம் வந்த ஒரு தாளில் நாற்பது பார்கள் நெருக்கமாக எழுதப்பட்டிருந்தன. அதன் பிறகு பதினாறு பார்களுக்கு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) பெயர்களும், ஒவ்வொரு பாரிலும் நான்கு சாய்கோடுகளும் மட்டும். மேலே பென்சிலில் "ஜாஸ், இஷ்டம்போல்" என்று இருந்தது. நாற்பது பார்களையும் முதல் டேக்கிலேயே வாசித்துவிட்டேன். சாய்கோடுகள் வந்ததும் கண்ணுக்கு வேலை இல்லை. என்னவோ வாசித்தேன், யார் மாதிரியும் இல்லை என்றுதான் தோன்றியது. ஏற்பாட்டாளர் பேசும் பொத்தானை அழுத்தி, "நன்றாக இருக்கிறது சார், அடுத்த டேக்கில் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். குறைத்துக்கொண்டேன்.