ஸ்டென்ட்டா, மாத்திரையா, பைபாஸா: அஞ்சு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டவன் எழுதுறது

சித்தப்பாவுக்கு மாடி ஏறினா நெஞ்சுல ஒரு அழுத்தம், நின்னா ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும், இப்படியே எட்டு மாசம் ஓட்டினார். டிரெட்மில் டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்து ஆஞ்சியோவுக்கு, அதாவது இதயக் குழாய்ல மருந்து விட்டு எடுக்கற படத்துக்கு, எழுதிக் குடுத்தாங்க. மணிக்கட்டு வழியா டியூப் விட்டு அவர் உள்ள மேஜைல படுத்திருக்கார், டாக்டர் மாஸ்க்கோட வெளிய வந்து சித்தியையும் என்னையும் ஒரு மானிட்டர் முன்னாடி நிக்க வச்சு, கருப்புக் கோடு ஒண்ணு நடுவுல கிள்ளி விட்ட மாதிரி ஒல்லியா இருந்த எடத்தைக் காட்டி, "80 பர்சன்ட் அடைப்பு, இப்பவே ஸ்டென்ட் வச்சிரலாம், இல்லேன்னா இன்னொரு தடவை உள்ள கொண்டு போகணும், என்ன சொல்றீங்க"ன்னார். சித்தி என்னைப் பாத்தாங்க, நான் டாக்டரைப் பாத்தேன், கையெழுத்துப் போட்டாச்சு. வைக்கலேன்னா என்ன ஆகும்னு ஒரு கேள்வி இருக்குல்ல, அது எங்க ரெண்டு பேர் வாயிலயும் வரவே இல்ல.

அதுக்கப்புறம் ஒரு வருஷமா படிச்சது, ரெண்டாவதா ஒரு டாக்டரைப் பாத்துக் கேட்டது எல்லாத்தையும் வச்சு மூணு வழியையும், மாத்திரை, ஸ்டென்ட் (அடைச்ச குழாயை விரிச்சுப் பிடிக்கிற சின்னக் கம்பி வலை), பைபாஸ் (வேற குழாயைத் தைச்சு அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வைக்கிற ஆபரேஷன்), பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறேன். நான் டாக்டர் கிடையாது, ஆனா கையெழுத்து நம்மளோடதுதானே.

மொதல்லயே ஒண்ணை ஒதுக்கிடறேன். சும்மா உக்காந்திருக்கும்போதே நெஞ்சைப் பிசையுது, வேர்த்து ஊத்துது, வலி தாடைக்கோ கைக்கோ போகுது, ரெஸ்ட் எடுத்தாலும் விடலன்னா அது ஹார்ட் அட்டாக்கா இருக்கலாம், அங்க ஒப்பீடெல்லாம் கிடையாது, உடனே ஆம்புலன்ஸ்தான். குழாய் முழுசா அடைச்சுப் போன கேஸ்ல ஆஸ்பத்திரி வாசல்ல நுழைஞ்ச 90 நிமிஷத்துக்குள்ள அடைப்பை ஊதி விரிக்கிற பலூன் உள்ள போயிடணும்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, ஒவ்வொரு நிமிஷமும் இதயத்தசை செத்துக்கிட்டே இருக்கும். அந்த எடத்துல ஸ்டென்ட் உயிரைக் காப்பாத்தும். அங்க போய் என் போஸ்ட்டை எடுத்துக் காட்டி டாக்டர்கிட்ட வாதாடாதீங்க.

நான் பேசறது சித்தப்பா மாதிரி ஆளுங்களைப் பத்தி, நடந்தா மாடி ஏறினா வலி, நின்னா போயிடும், மாசக்கணக்கா ஒரே மாதிரி இருக்கு. ஸ்டேபிள் ஆஞ்சைனான்னு சொல்வாங்க. இவங்களுக்கு யோசிக்க நேரம் இருக்கு, ஆனா அந்த நேரம் இருக்குன்னே யாரும் சொல்றதில்ல.

எல்லார் மனசுலயும் இருக்கறது தண்ணிக் குழாய் கணக்கு: குழாய்ல அடைப்பு, அடைப்பை எடுத்துட்டா வேலை முடிஞ்சுது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, அது தப்புன்னு புரிய ஆறு மாசம் ஆச்சு. கொழுப்புப் படிவு ஒரு எடத்துல மட்டும் உக்காந்திருக்காது, குழாய்ங்களோட சுவர் பூரா அங்கங்க இருக்கும். ஹார்ட் அட்டாக் வர்றது பெரும்பாலும் ஒரு படிவு வெடிச்சு அது மேல ரத்தம் உறைஞ்சு போறதால, வெடிக்கிறது 80 பர்சன்ட் எடமாத்தான் இருக்கணும்னு இல்ல, பல நேரம் டிரெட்மில்ல மாட்டாத 40 பர்சன்ட் எடம்தான் வெடிக்குது. ஸ்டென்ட் ஒரு எடத்தைத்தான் விரிக்கும். மத்த எடத்தையெல்லாம் அடங்கி இருக்க வைக்கிறது மாத்திரைதான், குறிப்பா கொழுப்பைக் கொறைக்கிற ஸ்டாடின்.

இதை நம்பாதவங்க நிறைய பேர், டாக்டர்ங்களே ரொம்ப நாள் நம்பல. 1977ல ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் ஜூரிச்சுல மொத தடவை இதயக் குழாய்ல பலூன் ஊதினப்ப இருந்து, விரிச்சா நல்லதுதானே ஆகும்னு ஒரு நம்பிக்கை. 2007ல கரேஜ்னு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 2287 பேர், எல்லாருக்கும் முழு மாத்திரை, பாதிப் பேருக்கு கூடவே ஸ்டென்ட். சாவுலயோ ஹார்ட் அட்டாக்லயோ வித்தியாசம் தெரியல. பழைய ஸ்டென்ட்டுப்பா, சீரியஸ் ஆளுங்களைச் சேக்கலப்பான்னு சண்டை போட்டாங்க. சரின்னு இஸ்கீமியான்னு இன்னொண்ணு, 37 நாடு, 5179 பேர், டெஸ்ட்ல இதயத்துக்கு ரத்த ஓட்டம் ஓரளவுக்கு மேல குறையறது தெரிஞ்சவங்க, 2019 கடைசில முடிவு சொன்னாங்க: மூணு வருஷத்துக்கு மேல பாத்ததுல உயிர் விஷயத்துல மாத்திரைக் கூட்டமும் ஸ்டென்ட் பைபாஸ் கூட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா அடிக்கடி வலி இருந்தவங்களுக்கு ஸ்டென்ட் பக்கம் வலி நல்லாவே கொறைஞ்சுது, இதையும் சேத்தே சொல்லணும், பாதியை மட்டும் சொல்லி ஃபார்வர்ட் பண்றவங்க இருக்காங்க.

வலி கொறையறது நிஜமா மனசான்னும் பாத்துட்டாங்க. லண்டன்ல ரஷா அல்-லமீ குழு பண்ணின ஆர்பிட்டா, 2017. 200 பேர், எல்லாரையும் ஆஞ்சியோ லேபுக்குள்ள கொண்டு போய் ஹெட்ஃபோன் மாட்டி மயக்க மருந்து குடுத்து, பாதிப் பேருக்கு ஸ்டென்ட், மீதிப் பேருக்கு ஒண்ணுமே வைக்காம கூட்டிட்டு வந்துட்டாங்க, யாருக்கு என்னன்னு பேஷன்டுக்கும் தெரியாது, அப்புறம் பாத்துக்கிட்ட டாக்டருக்கும் தெரியாது. ஆறு வாரம் கழிச்சு டிரெட்மில்ல ஓட விட்டா ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 16 செகண்டு சொச்சம், அது தற்செயலாக்கூட வந்திருக்கலாம், கணக்குல நிக்காது. ஆனா இவங்க எல்லாருக்கும் முன்னாடியே இந்த நெஞ்சு வலிக்கான இதய மாத்திரைகளை முழு அளவுக்கு ஏத்தியிருந்தாங்க. 2023ல அதே குழு அந்த மாத்திரைகளை நிறுத்திட்டு 301 பேரை வச்சு திரும்பப் பண்ணினாங்க, இந்தத் தடவை ஸ்டென்ட் வச்சவங்களுக்கு வலி நிஜமாவே கொறைஞ்சுது. ரெண்டையும் சேத்து வச்சு எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான்: ஸ்டேபிள் ஆளுக்கு ஸ்டென்ட்ங்கறது வலிக்கான வைத்தியம், அதே வலியை மாத்திரையும் கொறைக்கும், எது உங்களுக்குத் தோதுங்கறது நீங்க சொல்ல வேண்டியது.

மாத்திரைப் பக்கம் சும்மா ஈஸின்னு நெனைக்காதீங்க. மூணுலயும் பேஷன்டுக்கு அதிக வேலை குடுக்கறது இதுதான். அஸ்பிரின், ஸ்டாடின், இதயத் துடிப்பைக் கொறைக்கிற பீட்டா பிளாக்கர், பிரஷருக்கு ஒண்ணு ரெண்டு, சுகர் இருந்தா அது தனி, சிகரெட் நிறுத்தணும், நடக்கணும். எல்.டி.எல்ங்கற கெட்ட கொழுப்பு எவ்வளவு இருக்கணும்னு கேட்டா "நார்மல்தான்"னு லேப் ரிப்போர்ட்ல பிரின்ட் ஆன அளவைக் காட்டுவாங்க, அதை நம்பாதீங்க, இதயக் குழாய்ல நோய் இருக்கறவங்களுக்கு ஐரோப்பிய கைட்லைன் 2019ல இருந்து 55க்குக் கீழன்னு சொல்லுது, நோயில்லாத ஆளுக்கான நார்மல் வேற. கரேஜ்ல மாத்திரைப் பக்கம் போனவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தர் பின்னாடி ஸ்டென்ட்டோ பைபாஸோ பண்ணிக்கிட்டாங்க, அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. அதைத் தோல்வின்னு எடுத்துக்க வேண்டாம், மூணுல ரெண்டு பேருக்கு தேவைப்படலேன்னும் அர்த்தம்.

ஸ்டாடின் சாப்பிட்டா தசை வலிக்குதுன்னு நிறுத்தினவங்க கதை ஊர்ப்பட்டது இருக்கு. சிலருக்கு நிஜமாவே வரும். ஆனா சாம்சன்னு ஒரு சின்ன ஆராய்ச்சி, 2020, பக்க விளைவுன்னு சொல்லி நிறுத்தின 60 பேருக்கு சில மாசம் ஸ்டாடின், சில மாசம் வெத்து மாத்திரை, சில மாசம் ஒண்ணுமே இல்லாம விட்டுப் பாத்தாங்க, ஸ்டாடின்ல வந்த தொந்தரவுல 90 பர்சன்ட் வெத்து மாத்திரையிலயும் வந்துச்சு. பொய் சொன்னாங்கன்னு சொல்லல, வலி நிஜம், காரணம்தான் வேற.

ஸ்டென்ட் பக்கம் இருக்கற பெரிய வசதி வேகம். பெரும்பாலும் மறுநாளே வீடு. அதுலயே ஒரு ஆபத்தும் இருக்கு, "அடைப்பு போயிருச்சே, இனி எதுக்கு மாத்திரை"ங்கற நெனப்பு. ஸ்டென்ட் வச்சப்புறம் அஸ்பிரினோட, ரத்தம் உறையாம தடுக்கற க்ளோபிடோக்ரெல் மாதிரி இன்னொண்ணு சேத்து, ஸ்டேபிள் ஆளுக்கு பொதுவா ஆறு மாசம், அட்டாக் வந்து வச்சவங்களுக்கு ஒரு வருஷம் சாப்பிடச் சொல்வாங்க. சித்தப்பாவுக்கு ரெண்டாவது மாசம் பல் புடுங்கணும்னு ஆச்சு, பல் டாக்டர் ரத்தம் நிக்காதுன்னு ரெண்டு மாத்திரையையும் அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்கன்னுட்டார், இவரும் தலையாட்டிட்டு வந்துட்டார். நல்ல வேளை சித்தி ஃபோன் பண்ணினாங்க, இதய டாக்டர்கிட்ட கேட்டா "நிறுத்தவே கூடாது, புது ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறைஞ்சா நேரா அட்டாக்"னு கத்தாத குறை. பல்லை மாத்திரையோடவே புடுங்கினாங்க, பஞ்சைக் கொஞ்சம் அதிக நேரம் கடிச்சுக்கிட்டிருந்தார், அவ்வளவுதான்.

பைபாஸ்னா எல்லாரும் பயந்து கடைசியில வைக்கிறாங்க, சில பேருக்கு அது மொதல்ல வர வேண்டியது. இடது பக்க மெயின் குழாய்லயே அடைப்பு, இல்லேன்னா மூணு குழாயும் போய் கூட சுகரும் இருக்கு, பம்பிங் (இதயம் ரத்தத்தைத் தள்ற பலம்) கொறைஞ்சிருக்கு, இந்த மாதிரி கேஸ். ஃப்ரீடம் ஆராய்ச்சி, 2012, சுகரும் பல குழாய் அடைப்பும் இருந்த 1900 பேர், அஞ்சு வருஷத்துல ஸ்டென்ட் பக்கம் 16.3 பர்சன்ட் பேர் இறந்தாங்க, பைபாஸ் பக்கம் 10.9. சும்மா கெடைக்கல, பக்கவாதம் பைபாஸ்ல 5.2, ஸ்டென்ட்ல 2.4. பைபாஸுக்காக அறுத்த நெஞ்செலும்பு ஒண்ணு சேர ரெண்டு மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் வெயிட்டு தூக்கக் கூடாது. ஆனா நெஞ்சுச் சுவர்ல இருந்து எடுத்துத் தைக்கிற குழாய் பத்து வருஷம் தாண்டியும் நல்லா ஓடும், கால்ல இருந்து எடுக்கறது அவ்வளவு நாள் தாங்காது. ஸ்டென்ட் வைக்கிறவர்கிட்ட மட்டும் கேட்டா ஸ்டென்ட் பக்கம்தான் சாயும், அது மனுஷ சுபாவம், அதனால சர்ஜனும் படத்தைப் பாத்தாரான்னு கட்டாயம் கேளுங்க. ரெண்டு பேரும் சேந்து உக்காந்து முடிவு பண்றதுக்கு ஹார்ட் டீம்னே பேர் வச்சிருக்காங்க.

கையெழுத்துக்கு முன்னாடி நான் கேட்டிருக்க வேண்டியது நாலே விஷயம். இது ஆயுசுக்கா வலிக்கா? எந்தக் குழாய்ல, மெயின்லயா கிளைலயா? பம்பிங் எவ்வளவு? கண்ணால பாத்த 80ஆ, இல்ல கம்பி விட்டு அழுத்தம் அளந்தீங்களா? அடைப்புக்கு முன்னாடி இருக்கற அழுத்தம் 1னா தாண்டி எவ்வளவு இருக்குங்கறதுதான் அந்த அளவு, அது 0.80க்கு மேல இருந்தா பொதுவா கை வைக்கிறதில்ல, படத்துல பயமுறுத்துற எடம் சிலது அளந்தா பாஸ் ஆயிடும். அப்புறம் ஆஞ்சியோ படத்தை சி.டி.ல வாங்கிக்கோங்க, அது உங்களோடது.

நம்ம கையில எடுத்துக்கறதுன்னா ஃபார்வர்ட் பாத்து மாத்திரையை நிறுத்தறதுன்னு நெனைக்கிற கூட்டமும் இருக்கு, அவங்களுக்கும் ஒரு கணக்கு. இங்கிலாந்துல 2014ல டாஸ்மின் எஸ்.ஆர்னு ஒண்ணு, இதய நோய் சுகர் மாதிரி ரிஸ்க் இருக்கற 552 பேர், வீட்டுலயே பிரஷர் பாத்து, ஏறினா எந்த மாத்திரையைக் கூட்டணும்னு டாக்டரோட முன்கூட்டியே எழுதி வச்ச ப்ளான்படி தாங்களே மாத்திக்கிட்டவங்களுக்கு ஒரு வருஷத்துல மேல் பிரஷர் வழக்கமான வைத்தியத்தை விட 9 பாயின்ட் கொறைவா இருந்துச்சு. அந்த எழுதி வச்ச ப்ளான்தான் விஷயமே.

சித்தப்பா மாதிரி ஆளுக்கு, மெயின் குழாய் நல்லா இருந்து பம்பிங்கும் நல்லா இருந்தா, நான் மூணு மாசம் மாத்திரையை முழு அளவுல குடுத்துப் பாத்துட்டு, அப்பவும் வலி விடலன்னா ஸ்டென்ட்னு சொல்வேன். ரெண்டாவது டாக்டர்கிட்ட சி.டி.யைக் காட்டினப்ப அவரும் "வச்சது தப்பில்ல, அவசரம்தான் இல்ல"ன்னார். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சித்தப்பாகிட்ட ஒப்பிச்சேன், அவர் பாட்டுக்கு கேட்டுட்டு, "எனக்கு மாடி ஏறினா போதும்டா, மாத்திரையிலயே ஏறலாம்னா அதையே கேட்டிருப்பேன், உள்ள முழிச்சுக்கிட்டுத்தானே படுத்திருந்தேன், ஏன்டா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"ன்னார்.