5 மாசத்துல 5 டியூப்: ரோட்ல வேல பாக்குறவங்களுக்கு இந்த சன்ஸ்கிரீன் சரி வருமா?

எனக்கு ஊரு தூத்துக்குடி. குழுக் கடன் வசூல் வேல, காலைல 8 மணிக்கு ஸ்கூட்டி எடுத்தா மதியம் 2 மணி வரைக்கும் ரோட்லதான், பாதி ரூட்டு உப்பளத்து வழியா போகும். அங்க வெயில் மேல இருந்து மட்டும் வராது, அம்பாரம் அம்பாரமா குவிச்சு வச்ச உப்புல பட்டு கீழ இருந்தும் மூஞ்சில அடிக்கும். இங்க இருக்க ரிவ்யூ நெறைய ஆபீஸ் போறவங்க எழுதுனதா இருக்கு, அதனால என்ன மாதிரி வெயில்ல அலையிறவங்களுக்குன்னு இத எழுதுறேன்.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். எஸ்பிஎஃப் 50, பிஏ++++, 50 கிராம், நான் வாங்குனப்ப 449 ரூபா. வெள்ளையா மாவு பூசுன மாதிரி தெரியாது, என் மாநிறத்துக்கு ரெண்டு நிமிஷத்துல உள்ள போயிடும், பிசுபிசுப்பு கம்மி. ஆனா நெத்தி வேர்வையோட கண்ணுக்குள்ள இறங்குனா எரியும், அதனால புருவத்துக்கு மேல போடுறத நான் விட்டுட்டேன், அங்க துப்பட்டாதான்.

இப்ப முக்கியமான விஷயம். அட்டையில பட்டாணி அளவு போதும்னு போட்டிருக்கான், நானும் நம்பி ஒரு டியூப்ப 2 மாசம் ஓட்டுனேன், கன்னத்துல இருந்த மங்கு, அதான் அந்த கருந்திட்டு, கொஞ்சமும் குறையல, இன்னும் பரவுன மாதிரி இருந்துச்சு. அப்புறம் தோல் டாக்டர்ட்ட போனேன். அவங்க கேட்ட முதல் கேள்வியே எவ்வளவு போடுறன்னுதான். ஆள்காட்டி விரல், நடு விரல் ரெண்டுலயும் முழு நீளத்துக்கு கோடு போட்டா வர்றதுதான் மூஞ்சிக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கான அளவாம். லேப்ல எஸ்பிஎஃப் டெஸ்ட் பண்றப்ப ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம்னு தடிமனா தடவிப் பாத்துதான் 50ன்னு போடுறாங்களாம், பட்டாணி அளவ இழுத்து இழுத்துத் தடவுனா அந்த 50 நம்ம மூஞ்சிக்கு வராது. வெளிய இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க மறுபடி போடணும்னும் சொன்னாங்க. நான் காலைல ஒருக்க, 11 மணிக்கு ஒருக்கன்னு போடுறேன், கிட்டத்தட்ட 25 நாள்ல டியூப் காலி. மாசம் 500 ரூபா கிட்ட ஆகும்னு கம்பெனிக்காரன் வெளிப்படையா போட்டிருக்கணும், அத மறைச்சு பட்டாணின்னு சொல்றது எனக்கு ரொம்ப வருத்தம்.

பிஏ++++ எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு. எஸ்பிஎஃப் நம்பர் முக்கியமா யூவிபிக்கு, அதாவது தோல சிவக்க வச்சு எரிய வைக்கிற கதிருக்கு. பிஏ யூவிஏ கதிருக்கு. யூவிஏ எரியாது, சத்தமில்லாம உள்ள போய் தோல இறுக்கமா புடிச்சு வச்சிருக்க கொலாஜன அரிச்சிடும், ஜன்னல் கண்ணாடி வழியாவும் வரும். 2012ல அமெரிக்காவுல ஒரு மருத்துவ இதழ்ல 69 வயசு லாரி டிரைவர் போட்டோ வந்துச்சு, 28 வருஷம் ஓட்டுனவர், ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் மடிப்பு மடிப்பா தொங்கிப் போயிருக்கும், வலது பக்கம் அப்படி இல்ல. பஸ்ல ஜன்னல் சீட்டுன்னா கண்ணாடிய மூடிட்டா போதும்னு நெனச்சிட்டிருந்தேன், அப்படி இல்லன்னு அதப் பாத்துதான் புரிஞ்சுச்சு.

அவ்வளவு தூரம் போகவே வேணாம், எங்கம்மா 22 வருஷம் அளத்துல உப்பு வாருனவங்க. சேலைக்கு மேல முழுக்கை சட்ட, தலைல துண்டு, அவ்வளவுதான் அவங்க பாதுகாப்பு. அவங்க பிடரிய கிட்ட வச்சுப் பாத்தா தாலிக் கயிறு கெடந்த எடம் மட்டும் வெளுப்பா ஒரு கோடு, அதச் சுத்தி காஞ்ச கொளத்து மண்ணு மாதிரி கட்டம் கட்டமா தடிச்ச தோலு. வயசானா சுருங்கத்தான செய்யும்னு சொல்வாங்க. ஆனா அதே அம்மாவோட மேல்கை உள்பக்கத்தத் தொட்டுப் பாருங்க, மெத்துன்னு இருக்கும். ரெண்டும் ஒரே வயசுத் தோலுதான, ஒண்ணு வெயில் பாத்தது, ஒண்ணு பாக்காதது. கருப்புத் தோலுக்கு வெயில் ஒண்ணும் பண்ணாதுன்னு நம்மாளுங்க சொல்றதும் பாதிதான் உண்மை. மெலனின் இருக்கதால தோல் கேன்சர் வெள்ளக்காரங்களுக்கு வர்ற அளவு நமக்கு வர்றதில்ல, ஆனா மங்கும் கரும்புள்ளியும் நமக்குத்தான் சீக்கிரம் பிடிக்கும்.

அந்த மங்கு விஷயத்துலதான் இந்த சன்ஸ்கிரீன் ஜெல்லுக்கு ஒரு ஸ்டார் குறைக்கிறேன். மங்குக்கு யூவி மட்டும் காரணமில்ல, கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமே அதக் கூட்டும், அதத் தடுக்க அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசா தோல் கலர்ல இருக்க சன்ஸ்கிரீன் வேணும். இதுல அது இல்ல. சரியான அளவு போட ஆரம்பிச்ச இந்த 3 மாசத்துல மங்கு பரவாம நின்னுருக்கு, ஓரம் கொஞ்சம் மங்கிருக்கு, ஆனா போகல. கம்பெனிக்காரங்க கலர் வச்சு ஒண்ணு கொண்டு வாங்க, நாங்க வாங்குறோம்.

தயவுசெஞ்சு மெடிக்கல்ல போய் மங்குக்கு ஒரு கிரீம் குடுங்கன்னு மட்டும் கேக்காதீங்க. எங்க தெருவுல ஒரு பிள்ள அப்படி வாங்கிப் போட்டா, ஒரு மாசம் பளிச்சுன்னு இருந்தா, அப்புறம் தோலு மெலிஞ்சு ரத்தக் கொழாய் செவப்பு நூலா தெரியுது, வெயில்ல கால் வச்சாலே மூஞ்சி எரியுதுன்னு அழுவா. அதுல இருந்தது ஸ்டீராய்டு. 2018லயே அந்த மாதிரி கிரீம டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு கொண்டு வந்தாச்சு, இன்னும் கேட்டா குடுக்குறாங்க.

இன்னொண்ணு, இத ஸ்கூட்டி டிக்கில வைக்காதீங்க. ஒரு டியூப்ப வச்சிட்டு சாயங்காலம் அமுக்குனேன், முதல்ல தண்ணி மாதிரி ஓடுச்சு, பின்னாடி திரி திரியா வந்துச்சு. சூட்டுல பிரிஞ்சு போனத போட்டு பிரயோஜனம் இல்லன்னு பாதி டியூப்ப தூக்கிப் போட்டேன். இப்ப ஈரக் கைக்குட்டைல சுத்தி ஹேண்ட்பேக்ல வச்சுக்கிறேன், சரியா இருக்கு.

5க்கு 4. இந்த தடவ ரெண்டு டியூப் ஆர்டர் போட்டிருக்கேன், அம்மா கழுத்துக்கும் சேத்து. "இனிமே எதுக்குட்டி எனக்கு"ன்னாங்க, ஆனா நேத்து அவங்களே ரெண்டு விரல நீட்டுனாங்க.