லினக்ஸ் மின்ட் 22: காரைக்குடி டிடிபி கடைக்கு ஒத்துவருமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதற்கு மாற்றாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளம்தான் லினக்ஸ் மின்ட். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் 4 ஜிபி ரேம் கம்ப்யூட்டர் இருந்தால் மின்ட் தாராளமாக ஓடும். 100 ஜிபி இடம் ஒதுக்குங்கள். சின்னமன் முகப்பில் மெனு இடது மூலையிலேயே இருப்பதால் கண் இரண்டே நாளில் பழகிவிடும்.

விரல்தான் முரண்டு பிடிக்கும். டைப்ரைட்டர் விசைப்பலகையில் ஊறியவர்களுக்கு தமிழ் விசைப்பலகைகளைத் தரும் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) தொகுப்பை நிறுவி, 'இன்புட் மெத்தட்' அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து திரும்ப நுழைய வேண்டும். பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழ் டைப்ரைட்டரையோ தமிழ்99-ஐயோ சேர்க்கலாம். லாக் அவுட்டை மறந்தால் தமிழ் வராது. பழி மின்ட் மேல் விழும்!

உண்மையான சிக்கல், யூனிகோடுக்கு முந்தைய பாணி எழுத்துருவான பாமினியில் அடித்த பழைய கோப்புகள். எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறும், ஏனெனில் பாமினியில் ஒற்றின் புள்ளியே அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. எழுத்துருவை நிறுவுங்கள், அல்லது எல்லாக் கணினியிலும் படிக்கக்கூடிய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுங்கள். பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கர், கணக்குக்கான டேலி இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. அவற்றை நம்பிய மேசையை அப்படியே விடுங்கள். மற்ற கம்ப்யூட்டர்களில் மின்ட்டை நிறுவாமலே 8 ஜிபி பென்டிரைவிலிருந்து லைவாக ஓட்டி, முதலில் பிரிண்டரைச் சோதியுங்கள்.