தனி ஆளாகப் பாய்மரம் நிமிர்த்த: ஒரு கம்பம், இரண்டு கயிறு, நான்கு வருடம்

வீடு ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கத்தில். படகு இறக்குவது பழவேற்காடு ஏரியில். பதினாறடிப் படகை டிரெய்லரில் கொண்டுபோவதால், போகும்போதெல்லாம் பாய்மரத்தை நிமிர்த்தியாக வேண்டும். மரம் என்று சொன்னாலும் அது அலுமினியக் குழாய்: 6 மீட்டர், 14 கிலோ. எடை பெரிதில்லை. ஆனால் படுத்துக் கிடக்கும் மரத்தை முன்கம்பியை (மரத்தின் மேற்பகுதியிலிருந்து படகின் மூக்குக்கு வரும் கம்பி) பிடித்து எவ்வளவு இழுத்தாலும் எழாது. கம்பியும் மரத்தோடு ஒட்டினாற்போல் கிடப்பதால், இழுப்பெல்லாம் அடியில் இருக்கும் கீலை, அதாவது மரம் மடங்கி எழும் மூட்டை, அழுத்துவதிலேயே போய்விடும்.

அதற்குத்தான் தூக்குக் கம்பம். 1.8 மீட்டர் குழாயை மரத்தின் அடியில் செங்குத்தாக மாட்டி, முன்கம்பியை அதன் தலையில் கட்டி, அங்கிருந்து படகின் மூக்குக்கு நான்கு மடிப்புக் கப்பிக் கயிறு. பாயை இழுக்கும் அதே கப்பிதான், புதிதாக வாங்கவில்லை. தொடக்கத்தில்தான் பாரம் அதிகம். என் படகில் 31 கிலோ வருகிறது. நான்கு மடிப்பில் கைக்கு எட்டு, உராய்வையும் சேர்த்தால் பத்து கிலோ. மரம் எழ எழ அதுவும் குறைந்துவிடும்.

முதல் வருடம் இது போதும் என்றிருந்தேன். ஒரு நாள் பிற்பகல், கடற்காற்று பக்கவாட்டில் அடித்து, பாதி எழுந்த மரம் சாய்ந்து கீலை வளைத்துவிட்டது. மரத்திலிருந்து படகின் இரு பக்கமும் இறங்கும் பக்கக் கம்பிகள் பிடித்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். அவை மரம் முழுதாக நின்ற பிறகுதான் இறுகும், அதுவரை தொளதொளவென்று தொங்கும்.

அப்புறம்தான் இரண்டு பக்கக் கயிறுகள் சேர்த்தேன். மேல்முனை மரத்தில், ஆளுயரத்துக்குச் சற்று மேலே. கீழ்முனை படகின் விளிம்பில், கீலின் ஆணிக்கு நேர்கோட்டில், அதே உயரத்தில். இந்த இடம் தப்பினால் கயிறு பாதியில் தொய்யும், அல்லது அறுந்துவிடுவதுபோல இறுகும். தூக்குக் கம்பத்துக்கும் இதே போல இரண்டு. நைலான் வேண்டாம், நீளும், பாலியெஸ்டர் போடுங்கள். தனியாகச் செய்ய முடிவது கம்பத்தால் பாதி என்றால், இந்தக் கயிறுகளால் மீதி.

உப்புத்தண்ணீர் தன் வேலையைக் காட்டத்தான் செய்கிறது. அலுமினியத்தில் ஸ்டீல் போல்ட் தொடும் இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்து அரிக்கும். நல்ல தண்ணீரில் கழுவாமல் வைப்பதில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் ஏரிப்பக்கம் போவதில்லை. அன்றைக்கு முற்றத்தில் உட்கார்ந்து கம்பிகளைப் பஞ்சால் துடைப்பேன். இழை அறுந்திருந்தால் பஞ்சு அங்கே சிக்கும். போன வருடம் ஒன்று அப்படித்தான் அகப்பட்டது, உடனே மாற்றினேன்.

போன மாதம் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "ஒண்டியாவா நிறுத்திட்டீங்க, சார்?" என்று கேட்டு, கயிறு கட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒன்று மட்டும்: கப்பியில் கை வைக்கும் முன் தலைக்கு மேலே பாருங்கள். மின்கம்பி போகும் இடத்தில் அலுமினிய மரத்தை எழுப்பவே கூடாது. டிரெய்லரை நன்றாகத் தள்ளி நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.