தனியாகப் படிப்பவருக்கு சி புத்தகமா, பைத்தான் புத்தகமா?

வகுப்புக்குப் போகாமல், ஆரம்பநிலைப் புத்தகம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு புரோகிராமிங் படிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாகர்கோவில், மார்த்தாண்டம் என்றால் ஏதாவது சென்டரில் சேர்ந்துவிடலாம். குலசேகரம், அருமனைப் பக்கம் இருந்துகொண்டு, வேலை முடிந்து வந்து ராத்திரி உட்கார்ந்து படிக்கிறவர்களுக்குப் புத்தகம்தான் வாத்தியார்.

சி, பைத்தான் இரண்டும் புரோகிராம் எழுதும் மொழிகள். நான் எடுத்தது பைத்தான் புத்தகம். இன்ஜினியரிங் படித்த பெரியப்பா மகன் விட்டுப்போன சி புத்தகமும் வீட்டில் கிடந்தது, அதையும் பாதிவரை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். "லேய் மக்கா, சி படிக்காம பைத்தானுக்குப் போனா அடிப்படையே தெரியாது" என்று அந்த அண்ணன் இன்றுவரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

செலவு, வேகம் இதிலெல்லாம் பேச ஒன்றுமில்லை. இரண்டுக்கும் மென்பொருள் இலவசம். சி வேகமானதுதான், ஆனால் படிக்க ஆரம்பிக்கிறவர் எழுதும் இருபது வரிக்கு அந்த வேகம் கண்ணில் படாது.

தப்பாக அடித்தால் கம்ப்யூட்டர் நமக்கு என்ன சொல்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. ரப்பர் ஷீட் எடையை வைத்து ஒரு சின்னக் கணக்கு: 5 நாளில் 37 கிலோ, சராசரி எவ்வளவு? சி-யில் இரண்டையும் இன்ட் (int), அதாவது முழு எண், என்று அறிவித்து வகுத்தால் 7 என்று வரும். உண்மையில் 7.4. எரர் எதுவும் கிடையாது, பாட்டுக்கு 7 என்று போட்டுவிட்டுப் போய்விடும். நாம் தட்டும் எண்ணை வாங்கும் ஸ்கேன்எஃப்-இல் (scanf) ஆம்பர்சண்ட் (&) குறியை விட்டுவிட்டாலும், நாம் எழுதியதை ஓடும் புரோகிராமாக மாற்றும் கம்பைலர் மிஞ்சிப்போனால் ஓர் எச்சரிக்கை தரும், புரோகிராமை உருவாக்கிக் கொடுத்துவிடும். அப்புறம் ஓட்டும்போது பெரும்பாலும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டுவிட்டது) என்று ஒரே வரி, எந்த இடத்தில் என்றுகூடச் சொல்லாது. பைத்தான் 3 அதே கணக்குக்கு 7.4 தரும். மாறியின் (மதிப்பைப் போட்டு வைக்க நாம் வைக்கும் பெயர், variable) பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனால் வரி எண்ணைச் சொல்லி, 2021-இல் வந்த 3.10 பதிப்பு முதல் 'இந்தப் பெயரையா நினைத்தீர்கள்' என்று சரியான பெயரையும் எடுத்துக் காட்டும். எரர் வந்ததும் அந்தச் செய்தியின் கடைசி வரியை முதலில் படித்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்காக பைத்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைக்க வேண்டாம். இன்புட் (input) என்ற கட்டளை மூலம் நம்மிடம் வாங்கும் எதுவும் அதற்கு எழுத்துதான், 12-ஐயும் 13-ஐயும் வாங்கி அப்படியே கூட்டினால் 1213 என்று ஒட்டிக் கொடுக்கும். அதுவும் வாய் திறக்காது.

புத்தகம் பழசானால்? மொழி என்ற அளவில் சி-க்கு வயசாகவில்லை, பழைய உதாரணங்கள் பெரும்பாலும் இன்றும் ஓடும். ஆனால் நம் காலேஜ்களில் புழங்கிய பல புத்தகங்கள் டர்போ சி என்ற பழைய கம்பைலரை நம்பி எழுதியவை. அது 1987-இல், விண்டோஸுக்கு முன் புழங்கிய டாஸ் காலத்தில் வந்த சாமான். அந்த உதாரணங்களை லினக்ஸில் ஜிசிசி (gcc) என்ற இன்றைய கம்பைலரில் போட்டால், அவை கேட்கும் கோனியோ.எச் (conio.h) என்ற ஃபைலே இல்லை என்று தொடக்கத்திலேயே நின்றுவிடும். புதிதாகப் படிப்பவருக்குத் தப்பு தன்னுடையதா புத்தகத்துடையதா என்று தெரியாது, அங்கேயே மூடி வைத்துவிடுவார்.

எலக்ட்ரானிக்ஸ், மைக்ரோகண்ட்ரோலர் (கருவிகளை இயக்கும் சின்னக் கணினிச் சில்லு) பக்கம் போகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம், அங்கே சி-க்குத்தான் மவுசு. நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததோடு சரி. காலேஜ் சிலபஸில் சி இருந்தாலும் யோசிக்கவே வேண்டாம், அதையே எடுங்கள்.

மற்றவர்கள் பைத்தான் எடுக்கலாம், ஆனால் பழைய புத்தகமாக வாங்கினால் முதல் அத்தியாயத்தைப் புரட்டி பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பைத்தான் 2, பழைய பதிப்பு. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அதில் அந்த ஷீட் கணக்குக்கும் 7 தான் வரும். சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.